பணமூலம் பாக்க நூறு ரூபா: எம்சிஏ சைட்டு ரிவ்யூ

மிக்ஸிக்கு ரிவ்யூ இருக்கு, பிரியாணிக்கடைக்கு ரிவ்யூ இருக்கு, கல்யாண மண்டபத்து பாத்ரூமுக்குக் கூட ரிவ்யூ எழுதியிருக்காங்க, கம்பெனிக் கணக்கு பாக்கற இந்த சைட்டுக்கு மட்டும் தமிழ்ல யாரும் எழுதி நான் பாத்ததில்ல. ரிஷிமூலம் நதிமூலம் பாக்கக்கூடாதும்பாங்க, சரி அத விட்டுருவோம், ஆனா ஒரு கம்பெனியோட பணமூலம் தாராளமா பாக்கலாம், அதுக்கு சென்ட்ரல் கவர்மெண்டே கடை தொறந்து வச்சிருக்கு, ரேட்டு நூறு ரூபா. கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தோட சைட்டு. எங்க ஃபீல்டுல எல்லாரும் எம்சிஏனுதான் சொல்லுவோம்.

நான் ஈரோட்டுல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினோரு வருஷமா வேலை பாக்கறேன். எங்களுக்கு இந்த சைட்டு பக்கத்து டீக்கடை மாதிரி, தினம் போயாகணும். ஆனா நாங்க போறது கம்பெனிக்காரங்களுக்காக, அவங்க கணக்க ஃபைல் பண்ண. கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்னு, அதாவது காசு போடப்போற ஆளோட இடத்துல நின்னு இத நான் பாத்தது போன வருஷந்தான், அதுவும் எங்க பெரியப்பாவால.

பெரியப்பா சர்க்கரை ஆலைல இருந்து ரிட்டையர் ஆனவரு. கைல பதினஞ்சு லட்சம் இருந்துச்சு. அவரோட சினேகிதர் பையன் ஒருத்தன் வந்து, எங்க கம்பெனில போடுங்க மாமா, பேங்க்குல ஏழு பர்சன்ட் தர்றான், நாங்க பதினெட்டு தர்றோம், இது கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டு நிதி கம்பெனினு கலர் கலரா நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிருக்கான். கம்பெனி பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். பெரியப்பா 2012ல ஈமு கோழி மோசடில ஒரு தடவ சூடு பட்டவரு, பெருந்துறைப் பக்கம் அப்ப யாரு வீட்டுலதான் அந்தக் கத இல்ல. அதனால இந்தத் தடவ எனக்கு போன் போட்டு "பாப்பா, நீ ஆடிட்டர் ஆபீஸ்லதான இருக்க, இவனுங்க யாரு எவருனு பாத்து சொல்லு"ன்னாரு. நானும் அஞ்சு நிமிஷ வேலைதான பெரிப்பானு சொல்லிட்டேன். மூணு ராத்திரி ஆச்சு.

மொதல்ல ஃப்ரீயா கெடைக்கறத சொல்லிர்றேன். மாஸ்டர் டேட்டானு ஒண்ணு இருக்கு, கம்பெனி பேரத் தட்டினா எப்ப ஆரம்பிச்சது, ரிஜிஸ்டர்டு ஆபீஸ் எங்க, பெய்டு அப் கேப்பிடல், அதாவது பங்குதாரருங்க கட்டின மூலதனம் எவ்ளோ, டைரக்டருங்க யாரு, எந்த பேங்க்குல என்ன கடன், கடைசியா எந்த வருஷம் வரைக்கும் பேலன்ஸ் ஷீட் போட்டிருக்காங்க, எல்லாம் வரும். கூடவே சிஐஎன்னு 21 எழுத்து நம்பர் ஒண்ணு வரும், அதுதான் கம்பெனிக்கு ஜாதகக் கட்டம். மொத எழுத்து எல்லுனு இருந்தா ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனது, யூனு இருந்தா ஆகாதது. அடுத்து அஞ்சு இலக்கம் என்ன தொழில்ங்கறது, அப்பறம் மாநிலம், நம்முதுன்னா டிஎன், அப்பறம் பதிவான வருஷம், அப்பறம் பிரைவேட்டா பப்ளிக்கானு மூணெழுத்து, கடைசி ஆறும் ரிஜிஸ்டர் நம்பர். நோட்டீஸ்ல "25 ஆண்டு பாரம்பரியம்"னு போட்டிருந்தாங்க, சிஐஎன்ல வருஷம் 2020. இதுக்கு நூறு ரூபா கூட வேண்டியதில்ல.

"கவர்மெண்ட் ரிஜிஸ்டர்டு"ங்கற வார்த்தைக்கு நம்ம ஊர்ல இருக்கற மதிப்பே தனி. பொட்டிக்கடை கம்பெனி கூட ரிஜிஸ்டர்டுதான், ரிஜிஸ்டர் ஆனதுங்கறதுக்கு பொறந்த சர்டிபிகேட் இருக்குதுனு மட்டுந்தான் அர்த்தம், நல்லவன்னு அர்த்தம் இல்ல. அதுலயும் நிதி கம்பெனிங்கறது, அதாவது மெம்பருங்ககிட்டயே டெபாசிட் வாங்கி மெம்பருங்களுக்கே கடன் குடுக்கறது, தமிழ்நாட்டுப் பழைய சமாச்சாரம், மயிலாப்பூர் ஃபண்டு 1872ல இருந்து இருக்கு, அந்தப் பழைய பேர் வச்சிருக்கற மரியாதைய புதுசா வந்தவனெல்லாம் அறுவடை பண்றான். பேர்ல நிதினு இருந்தா ஆகிடாது, என்டிஎச்-4னு ஒரு ஃபார்ம் போட்டு, மத்திய அரசு பரிசீலிச்சு, நிதின்னு அறிவிக்கணும். 2021 ஆகஸ்ட்ல அமைச்சகமே ஒரு எச்சரிக்கை விட்டுச்சு, அதுவரைக்கும் பரிசீலிச்ச 348 விண்ணப்பத்துல ஒண்ணு கூட தகுதிக்கு வரலனு. முந்நூத்தி நாப்பத்தெட்டுல ஒண்ணு கூட! பேப்பர்ல ஒரு மூலைல வந்துட்டு போயிருக்கும்.

இப்ப நூறு ரூபா சமாச்சாரத்துக்கு வர்றேன். பப்ளிக் டாக்குமெண்ட்ஸ் பாக்கறதுக்கு ஒரு கம்பெனிக்கு நூறு ரூபா. யாரு வேணா பாக்கலாம், ஷேர் ஹோல்டரா இருக்கணும்னு அவசியமில்ல, ஏன் பாக்கறேனு யாரும் கேக்க மாட்டாங்க, கம்பெனிச் சட்டம் 399வது பிரிவு குடுத்த உரிமை இது. கட்டினதுக்கப்பறம் குறிப்பிட்ட நேரந்தான் தொறந்திருக்கும், அதனால உக்காந்து படிச்சுட்டு இருக்காம மொதல்ல எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, அப்பறம் டீயக் குடிச்சுட்டு படிக்கலாம். கோர்ட்டு கேசுக்குனு சர்டிஃபைடு காப்பி வேணும்னா அது தனி, பக்கத்துக்கு 25 ரூபா.

உள்ள போனா ஃபைல் குவியலா இருக்கும், பயந்துராதீங்க, ரெண்டே ரெண்டத் தேடுங்க. எம்ஜிடி-7ங்கறது வருஷாந்திர ரிட்டர்ன், ஷேர் யாரு யாரு வச்சிருக்கானு லிஸ்ட்டு அதுலதான் இணைச்சிருப்பாங்க. ஏஓசி-4ங்கறது கணக்கு, பேலன்ஸ் ஷீட்டு லாப நட்டம் ஆடிட்டர் ரிப்போர்ட் எல்லாம் அது கூட வரும். புதுசா பாக்கறவங்க எல்லாரும் நேரா லாபம் எவ்ளோனு பாப்பாங்க. நான் சொல்றது, லாபத்த கடைசியா பாருங்க, அது எப்படி வேணா வரும், எங்களுக்குத் தெரியாதா. மொதல்ல நோட்ஸ, அதாவது கணக்குக்குப் பின்னாடி வர்ற விளக்கக் குறிப்புகளப் பாருங்க, அதுலயும் "ரிலேட்டட் பார்ட்டி"ங்கற நோட்டப் பாருங்க. கம்பெனிக் காசு டைரக்டரோட சம்சாரத்துக்கும் அண்ணன் தம்பிக்கும் அவங்க நடத்தற வேற கம்பெனிக்கும் எவ்ளோ போச்சுங்கறது சட்டப்படி அங்க எழுதியாகணும். எழுத்து பொடிசா இருக்கும், ஸ்கேன் பண்ணது கோணலா இருக்கும், ஆனா இருக்கும்.

நம்ம ஆளுங்க விஷயத்துல என்ன இருந்துச்சுனா, ஷேர் கேப்பிடல் பத்து லட்சம், ரிசர்வு ஒண்ணரை லட்சம், ஆக மொத்தம் சொந்தக் காசு பதினொண்ணரை லட்சம். நிதி ரூல்ஸ்படி சொந்தக் காசு மாதிரி இருபது மடங்கு வரைக்குந்தான் டெபாசிட் வாங்கலாம், அதாவது ரெண்டே கால் கோடி சொச்சம். வாங்கியிருந்தது மூணு கோடியே எண்பது லட்சம். வட்டிக்கும் உச்சவரம்பு உண்டு, பன்னண்டரை பர்சன்ட்டு, இவங்க சொல்றது பதினெட்டு. டெபாசிட் புடிச்சுக் குடுத்தா கமிஷன் குடுக்கக்கூடாது, விளம்பரமும் பண்ணக்கூடாது, பெரியப்பா கைல இருந்த நோட்டீஸே ரூலுக்கு விரோதம். சரி, வாங்குன காசு எங்க போச்சுனு சொத்துப் பக்கம் பாத்தா நகைக்கடன் அறுபது லட்சம், அது நியாயமான தொழில். அதுக்குக் கீழ ஒரே வரில "நிலம் வாங்க முன்பணம்" ரெண்டு கோடியே அறுபது லட்சம். நோட் நம்பர் 14 பாருனு போட்டிருந்துச்சு. நோட் 14ல ஒரு பார்ட்னர்ஷிப் ஃபர்ம் பேரு, அவ்ளோதான், ரிலேட்டட் பார்ட்டி லிஸ்ட்டுக்குப் போனா அதே ஃபர்ம் அங்கயும் இருக்கு, மேனேஜிங் டைரக்டர் அதுல பார்ட்னர். ஆடிட்டர் ரிப்போர்ட்ல "இந்த பாக்கி சம்பந்தப்பட்டவங்களோட கன்ஃபர்மேஷனுக்கு உட்பட்டது"னு ஒரு வாசகம். இந்த வாசகத்த நானே நூறு ரிப்போர்ட்ல டைப் அடிச்சிருப்பேன், எங்க பாஷைல அதுக்கு அர்த்தம், நாங்க கேட்டோம், பேப்பர் ஒண்ணும் வரல, எங்க மேல பழி போடாதீங்க.

இந்த எடத்துலதான் எம்சிஏவோட பெரிய ஓட்டை தெரியும். சாதா பார்ட்னர்ஷிப் ஃபர்ம் இதுல கெடையாது. ட்ரஸ்ட்டும் கெடையாது, சொசைட்டியும் கெடையாது. கம்பெனி, எல்எல்பிங்கற பொறுப்புக்கு வரம்பு வச்ச பார்ட்னர்ஷிப், எட்டாவது பிரிவு லாப நோக்கமில்லாத கம்பெனி, இவ்ளோதான் கடை. காசு கம்பெனிக் கதவுல இருந்து வெளிய கால் வச்சு ஒரு ஃபர்முக்குள்ள பூந்துச்சுனா அதோட அது எந்தப் பக்கம் போச்சுங்கறத இந்த சைட்டு சொல்லாது. நம்ம மாநிலத்துல பாதி காலேஜு ட்ரஸ்ட்டுலதான் ஓடுது, அது யாரு காசுனு வெளிய இருந்து பாக்க இந்த மாதிரி நூறு ரூபா ஜன்னலே இல்ல. வெளிநாட்டுக் காசு வாங்கற தொண்டு நிறுவனங்களோட வருஷக் கணக்கு உள்துறை அமைச்சக எஃப்சிஆர்ஏ சைட்டுல முன்னாடி பாக்கற மாதிரி இருந்துச்சு, 2022 ஜூலைல அத எடுத்துட்டாங்க.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம், அந்த நிலம் எங்க இருக்குனு பெரியப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "லேஅவுட் போடறோம்னு கல்லு நட்டு வச்சிருக்கானுங்களே, அது நம்ம சித்தப்பன் காடு, சர்வே நம்பர் எனக்கு மனப்பாடம்"னாரு. உடனே தமிழ்நாடு பதிவுத்துறை சைட்டுல போய் வில்லங்கம் போட்டுப் பாத்தேன், ஆன்லைன்ல பாக்கறதுக்குக் காசில்ல, சார் பதிவாளர் ஆபீஸு, கிராமம், சர்வே நம்பர் இது தெரிஞ்சாப் போதும், அதுவும் தமிழ்லயே வரும். கிரயம் யாரு பேர்லனு பாத்தா கம்பெனி பேர்லயும் இல்ல, ஃபர்ம் பேர்லயும் இல்ல, டைரக்டரோட சம்சாரம் தனிப்பட்ட பேர்ல. அதுக்கும் கீழ ஒரு என்ட்ரி, ஒரு கூட்டுறவு பேங்க்குல எம்ஓடி, அதாவது பத்திரத்த அடமானம் வச்ச பதிவு போட்டிருக்கு. அதாவது ஊர்க்காசு போட்டு தன் பேர்ல நிலம் வாங்கி, அந்த நிலத்த வச்சு மறுபடி கடனும் வாங்கியாச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு அந்த பிடிஎஃப்ஐ பாத்துட்டு நான் தண்ணி குடிச்சேன்.

காலைல பெரியப்பாகிட்ட ஒரு பேப்பர்ல கோடு போட்டுக் காட்டினேன், உங்க காசு இங்க, அங்க இருந்து இங்க, அங்க இருந்து அந்தம்மா பேரு. அவரு ரொம்ப நேரம் பேசல. அப்பறந்தான் சொன்னாரு, ரெண்டு லட்சம் ஏற்கனவே போட்டாச்சு, வீட்டுல யாருக்கும் தெரியாதுனு. அத நாலு மாசம் நடந்து, சினேகிதர் முகத்துக்காக ஒண்ணரை லட்சம் திரும்ப வாங்கினாரு. மிச்சம் அம்பதாயிரம் நிக்குது.

இப்படித் தேடிப் பாக்கற முறைய பெரிய அளவுல பண்ணா என்ன ஆகும்ங்கறதுக்கு தேர்தல் பத்திர விவகாரம்தான் உதாரணம். 2018 ஜனவரில கொண்டு வந்தாங்க, ஆயிரம் ரூபால இருந்து ஒரு கோடி வரைக்கும், எஸ்பிஐல வாங்கி கட்சிக்குக் குடுக்கலாம், யாரு யாருக்குக் குடுத்தானு வெளிய தெரியாது. அதே வருஷமே ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபா பத்திரம் வாங்கி லேப்ல குடுத்து, அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல மட்டும் தெரியற ஒரு நம்பர் அதுல இருக்குனு கண்டுபிடிச்சுட்டாங்க. கடைசில 2024 பிப்ரவரி 15 சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திட்டமே செல்லாதுன்னுச்சு, எஸ்பிஐ ஜூன் 30 வரைக்கும் டைம் கேட்டுச்சு, கோர்ட்டு குடுக்கல, மார்ச் 14 தேர்தல் ஆணையம் லிஸ்ட்டப் போட்டுச்சு. ஆனா எப்படி? வாங்குனவங்க லிஸ்ட்டு ஒண்ணு, பணமாக்குன கட்சிங்க லிஸ்ட்டு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல முடிச்சே இல்ல. மொய் நோட்டுல பேரையும் தொகையையும் கிழிச்சுத் தனித்தனியாக் குடுத்த மாதிரி. அந்த நம்பரோட முழு லிஸ்ட்டு மார்ச் 21தான் வந்துச்சு, அப்பறம் எக்செல்ல போட்டு ஜோடி சேத்தாங்க.

அதுல மொத எடம் நம்ம கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி, ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. அதுல 509 கோடி வாங்குனத திமுகவே தானா முன்கூட்டி சொல்லியிருந்துச்சு. லிஸ்ட்டுலயே அதிகம் வாங்குனது பாஜக, ஆறாயிரம் கோடிக்கு மேல. ஆனா எனக்கு சுவாரசியம் பெரிய பேருங்க இல்ல, க்விக் சப்ளை செயின்னு ஒரு கம்பெனி, 410 கோடி குடுத்து மூணாவது எடத்துல இருந்துச்சு, யாருக்கும் பேரே தெரியாது. பத்திரிகைக்காரங்க எங்க போனாங்க? இதே எம்சிஏ, இதே நூறு ரூபா. ரிஜிஸ்டர்டு அட்ரஸ் என்ன, டைரக்டருங்க வேற எந்தெந்த கம்பெனில இருக்காங்க, ஷேர் யாருகிட்ட, லாபம் எவ்ளோனு ஒவ்வொண்ணா எடுத்தாங்க. அட்ரஸும் டைரக்டருங்களும் ரிலையன்ஸ் பக்கம் கை காட்டுனப்ப, அது எங்க துணை நிறுவனம் எதுவும் இல்லனு ரிலையன்ஸ் மறுத்துச்சு. அதுவும் சேத்துதான் படிக்கணும், அட்ரஸ் ஒண்ணா இருக்கறதால மட்டும் முதலாளி ஒண்ணுனு ஆகிடாது. நானே ஒரு கட்டடத்துல நாப்பது கம்பெனி ரிஜிஸ்டர் ஆகியிருக்கறதப் பாத்திருக்கேன், கட்டடம் வேற எதுவும் இல்ல, எங்க ஆபீஸு.

அந்தத் தீர்ப்புல இன்னொரு பலனும் இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 2017ல கம்பெனிச் சட்டம் 182வது பிரிவ மாத்தி, மூணு வருஷ சராசரி லாபத்துல ஏழரை பர்சன்ட்டுக்கு மேல கட்சிக்குக் குடுக்கக்கூடாதுங்கறத எடுத்துட்டாங்க, எந்தக் கட்சினு கணக்குல சொல்ல வேண்டாம்னும் ஆக்கிட்டாங்க. கோர்ட்டு அந்த மாத்தத்தையும் சேத்து ரத்து பண்ணிருச்சு. அதனால இனிமே லாப நட்டக் கணக்குல கட்சி பேரோட தொகை வரணும், வருதானு நூறு ரூபா கட்டி நீங்களே பாக்கலாம்.

குறைனு சொன்னா, மொதல்ல இங்கிலீஷு. பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் படிச்ச ஒரு ரிட்டையர்டு ஆளு இந்த ஸ்க்ரீன்ல என்ன பண்ணுவாரு? அவருக்குத்தான் இது அதிகம் தேவை. ரெண்டாவது, எல்லாமே பழைய போட்டோ. மார்ச்ல முடியற கணக்கு செப்டம்பர் வாக்குல மீட்டிங் வச்சு அதுக்கப்பறம் முப்பது நாள்ல ஏறும், நீங்க பாக்கறப்ப ஏழு மாசத்துல இருந்து ஒண்ணரை வருஷம் வரைக்கும் பழசா இருக்கும், அதுக்குள்ள ஆளு துபாய் போயிருப்பான். மூணாவது, டாக்குமெண்டுக்குள்ள பெரும்பாலும் தேட முடியாது, இணைச்சிருக்கறதுல நிறைய ஸ்கேன் பண்ண படம், கண்ணுதான் கருவி. ஒரு ஆளு எந்தெந்த கம்பெனில இருக்கானு வேகமா ஒரு நோட்டம் விடணும்னா நான் மொதல்ல சாபா கார்ப், டோஃப்ளர் மாதிரி தனியார் சைட்டுல பேரத் தட்டிப் பாத்துட்டு, சந்தேகம் வந்தா மட்டும் ஒரிஜினலுக்கு வருவேன். இன்னொண்ணு, பழைய ஃபைல்ல டைரக்டருங்களோட பான் கார்டு காப்பி, வீட்டு அட்ரஸ், கையெழுத்து எல்லாம் அப்படியே கெடக்கும், அத எடுத்து வாட்ஸப் குரூப்புல சுத்த விடாதீங்க, நமக்கு வேண்டியது கணக்கு, ஆளோட வீடு இல்ல.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். நூறு ரூபாய்க்கு ஈரோட்டுல ஒரு நல்ல பிரியாணி கூட வராதுங்கறதுக்காக அரை சேத்துக் குடுத்தது.

பெரியப்பா இப்ப எல்லாத்துக்கும் "அந்த நூறு ரூபா கட்டிப் பாத்துட்டியா?"ங்கறாரு. போன மாசம் என் தங்கச்சிக்கு ஒரு எடம் வந்துச்சு, மாப்பிள்ளை வீட்டுல சின்னதா நூல் மில்லு, பிரைவேட் லிமிடெட். ஜாதகம் ஜோசியர்கிட்ட போச்சு, சிஐஎன் என்கிட்ட வந்துச்சு. தப்புதான், ஆனா பாத்தேன். கடன் பகுதில 2014ல மெஷினுக்கு வாங்குன டெர்ம் லோன் ஒண்ணு, கொரோனா வருஷத்துல இன்னொண்ணு, ரெண்டுக்கும் நேரா கட்டி முடிச்ச தேதி பதிவாகியிருந்துச்சு. ரிலேட்டட் பார்ட்டி நோட்ல மாப்பிள்ளையோட அப்பா கம்பெனிக்குக் குடுத்த கடன் மட்டுந்தான், கம்பெனில இருந்து அவரு எடுத்தது ஒண்ணுமில்ல.

போன் போட்டு சொன்னேன், கடனெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்காங்க பெரிப்பா, சொந்தக் காசத்தான் உள்ள போட்டிருக்காருனு.

"பையன் எப்படினு அதுல வருதா?"ன்னாரு.

இல்லீங்னு சொன்னேன். "அப்ப அத நான் விசாரிச்சுக்கறேன், நீ போனை வைய்யி."